வக்காலத்தும் கூலியும்

வக்கீல் என்ற சொல் ஹைதராபாத் பெண் ஒருத்தியின் வாழ்க்கையில் இரண்டு முறை வரக்கூடும். நிக்காஹ் நாளில் மணப்பெண் இருக்கும் அறைக்குள் போய், இரண்டு சாட்சிகளை அருகில் வைத்துக்கொண்டு, இன்னாருடைய மகனை இவ்வளவு மஹருக்கு, அதாவது மணக்கொடைக்கு, மணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டு, அவள் சொன்ன சொல்லைச் சபைக்குக் கொண்டுவந்து காஜியிடம் தெரிவிப்பவருக்கு வக்கீல் என்று பெயர். அவர் பெரும்பாலும் தாய்மாமனாகவோ சிற்றப்பனாகவோ இருப்பார். அதற்கு அவர் கூலி வாங்குவதில்லை. அதே பெண் பின்னொரு நாள் பழைய நகரத்துப் புரானி ஹவேலியில் உள்ள குடும்ப நீதிமன்றத்தின் படியேற நேர்ந்தால், அங்கே கூட வருபவரும் வக்கீல்தான். அவர் கூலிக்கு வருபவர்.

அரபு மொழியில் அந்தச் சொல்லுக்கு, ஒருவர் தன் காரியத்தை நம்பி ஒப்படைக்கும் ஆள் என்று பொருள். இறைவனின் 99 திருநாமங்களில் அல்-வகீல் என்பதும் ஒன்று. வக்காலத்து, வாய்தா, ரத்து எல்லாம் இதே வழியில் உருது மூலம் தமிழ்க் கச்சேரிகளுக்கு வந்து சேர்ந்தவை. விவாகரத்து என்ற சொல்லே பாதி வடமொழி, பாதி அரபு. வாய்தா என்பதன் மூலச்சொல்லுக்கு வாக்குறுதி என்று பொருள். இன்ன நாளில் முடித்துத் தருகிறேன் என்று கொடுத்த வாக்கு, காலப்போக்கில் வழக்கு தள்ளிப்போகும் நாளுக்குப் பெயராகிவிட்டது.

நிக்காஹ் ஆனாலும், அக்கினியைச் சுற்றி வைக்கும் ஏழு அடி ஆனாலும், தேவாலயப் பீடத்தின் முன் கொடுக்கும் வாக்கு ஆனாலும், உறவைக் கட்டுவது சம்பந்தப்பட்ட இருவரின் சொல்லும் செயலும்தான். அப்படித் தானே கட்டியதைப் பிறர் வாயால் அவிழ்க்கலாமா? அவிழ்த்துக் கொடுப்பவர் அதற்குப் பணம் வாங்கலாமா? வாங்கலாம் என்றால் எந்த முறையில் வாங்குவது அறம்? ஹைதராபாத்தில் விவாகரத்துக்கு வக்கீல் தேடும் ஒருவர் "ஃபீஸ் எவ்வளவு ஆகும்?" என்று கேட்கும்போது இந்தக் கேள்விகளும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. தொகை எவ்வளவு என்பதைவிட, தொகை எதைக் கொண்டு கணக்கிடப்படுகிறது என்பதில்தான் அறம் இருக்கிறது.

இந்து தர்ம நூல்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. மனு மரபு கணவன் மனைவி பந்தம் பிரிக்க முடியாதது என்கிறது. பராசர ஸ்மிருதியும் நாரத ஸ்மிருதியும், கணவன் காணாமற்போவது, இறப்பது, துறவு பூணுவது போன்ற ஐந்து ஆபத்துகளில் பெண் வேறு கணவனைக் கொள்ளலாம் என்கின்றன. ஈஸ்வர சந்திர வித்யாசாகர் விதவை மறுமணத்துக்குத் துணையாக எடுத்துக் காட்டியது பராசரரைத்தான். கௌடில்யர் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார். ஒருவர் மட்டும் வெறுத்தால் விடுதலை இல்லை, இருவரும் ஒருவரையொருவர் வெறுத்தால் உண்டு என்பது அர்த்தசாஸ்திரத்தின் நிலை. உயர்ந்தவை என்று சொல்லப்பட்ட நான்கு மணமுறைகளுக்கு மட்டும் அவர் அந்த வழியைத் திறக்கவில்லை. அந்த விடுதலைக்கு அவர் வைத்த பெயர் மோட்சம். பரஸ்பர சம்மதத்தின் மேல் நிற்கும் இன்றைய விவாகரத்துக்கு இதைவிடப் பழைய முன்னோடி இந்திய நூல்களில் கிடைப்பது அரிது. தமிழ் மரபில் தொல்காப்பியத்தின் கற்பியல், பொய்யும் தவறும் மக்களிடையே தோன்றிய பிறகே மணச் சடங்குகள் வகுக்கப்பட்டன என்கிறது. சடங்கே அவநம்பிக்கைக்குக் கண்ட மருந்து என்றால், சடங்கால் கட்டிய உறவில் பொய்யும் தவறும் மறுபடி தலைதூக்கும்போது மூன்றாமவர் ஒருவர் தேவைப்படுவது வியப்பல்ல.

இஸ்லாம் அந்த மூன்றாமவருக்கு இடத்தையும் வேலையையும் குறித்தே வைத்திருக்கிறது. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம், 35ஆம் வசனம், பிளவு வரும் என்று அஞ்சினால் கணவன் குடும்பத்திலிருந்து ஒருவரும் மனைவி குடும்பத்திலிருந்து ஒருவரும் நடுவர்களாக அனுப்பப்பட வேண்டும் என்கிறது. இணக்கம் தேடுவதே அவர்கள் வேலை. 2002இல் ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த நடுவர் முயற்சி நடக்காமலும் தகுந்த காரணம் இல்லாமலும் சொன்ன தலாக் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கை 2017 ஆகஸ்ட் 22 அன்று அதே நீதிமன்றம் முற்றாக ஒதுக்கியது. குர்ஆன் சொல்லும் நடுவர் இருவரும் உறவினர்கள், இரு வீட்டின் நல்லது கெட்டது தெரிந்தவர்கள், சண்டை நீண்டால் தாங்களும் நஷ்டப்படுகிறவர்கள். இந்தக் கடைசித் தகுதி முக்கியமானது. கூலிக்கு வரும் வக்கீலிடம் இயல்பாக இல்லாதது அதுதான்.

கத்தோலிக்கத் திருச்சபையின் வழி இன்னும் நுட்பமானது. 1741இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் திருச்சபை நீதிமன்றங்களில் ஒரு புதிய பதவியை ஏற்படுத்தினார். திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கோரும் ஒவ்வொரு வழக்கிலும், கணவனுக்காகவும் இல்லாமல் மனைவிக்காகவும் இல்லாமல், அந்தப் பந்தத்துக்காக வாதாட ஓர் அதிகாரி இருக்க வேண்டும். பந்தக் காவலர் என்று அவரைத் தமிழில் சொல்லலாம். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் அந்த நடைமுறையைச் சுருக்கியபோது, தீர்ப்பாய ஊழியர்களின் நியாயமான ஊதியம் நீங்கலாக, வழக்கு இலவசமாகவே நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் அந்தத் தீர்ப்பாயத்தின் ஆணை இந்தியச் சட்டத்தில் திருமணத்தை முடித்துவிடாது. 1996இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. செகந்திராபாத்தில் தேவாலயம் கொடுத்த ஆணையைக் கையில் வைத்திருக்கும் ஒருவரும் 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி நீதிமன்றம் போய்த்தான் ஆக வேண்டும்.

அந்த நீதிமன்றத்தில் கணவனுக்கு ஒரு வக்கீல் இருப்பார், மனைவிக்கு ஒரு வக்கீல் இருப்பார். பந்தத்துக்கு யாரும் இருக்கமாட்டார்கள். பிள்ளைகளுக்கும் தனி வக்கீல் இருப்பது அபூர்வம். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் இந்தக் குறையைத் தெரிந்தே செய்யப்பட்டது. அதன் 9ஆம் பிரிவு சமரசத்துக்கு முயல்வதை நீதிபதியின் கடமையாக்குகிறது. 13ஆம் பிரிவு அதைவிடத் துணிச்சலானது. குடும்ப நீதிமன்றத்தில் எந்தத் தரப்பும் வழக்கறிஞர் வைத்து வாதாடுவதைத் தன் உரிமை என்று கோர முடியாது. தேவைப்பட்டால் நீதிமன்றமே சட்டம் தெரிந்த ஒருவரைத் தன் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். நெருங்கியவர்களுக்குள் நடக்கும் பிணக்கில் கூலிக்குப் பேசும் வாய் குறுக்கே வரவேண்டாம் என்பது அந்தப் பிரிவின் எண்ணம்.

நடைமுறையில் அந்த எண்ணம் நிற்கவில்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டால் கிடைக்கிறது. அதில் நியாயமும் உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்த, ஊர் பழகிய, கையில் பணம் புழங்கும் கணவனுக்கு எதிரே, தெலுங்கும் தெரியாமல் ஆங்கிலமும் தெரியாமல் நிற்கும் மனைவியைத் தானே பேசிக்கொள் என்று விடுவது சமத்துவம் ஆகாது. செகந்திராபாத் கன்டோன்மென்ட் பக்கத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழி அவ்வளவு சிக்கல் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து மணமாகி வந்து இரண்டே ஆண்டில் தனித்துப் போன பெண்ணுக்கோ வக்கீல்தான் காதும் வாயும். சொந்த வாயால் பேச முடியாதவருக்கு வாய் கொடுப்பது ஒரு தர்மம். அந்தத் தர்மம் தொழிலாகும்போது என்ன விதி வேண்டும் என்பதே மீதிக் கேள்வி.

முதலில் எந்த நீதிமன்றம் என்று பார்க்க வேண்டும். திருமணம் நடந்த இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம் ஆகியவற்றில் ஒன்றில் மனு போடலாம் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. மனைவி மனு போட்டால் அவள் வசிக்கும் இடமும் போதும் என்று 2003இல் சேர்த்தார்கள். புரானி ஹவேலி ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் வாழ்ந்த அரண்மனை வளாகம். நகர உரிமையியல் நீதிமன்றத்தின் பெயரோடு சேர்ந்தே அது அறியப்படுகிறது. ஆனால் ஹைதராபாத் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும் எல்லாமும் அதன் எல்லைக்குள் வராது. மாதாப்பூரில் வேலை பார்க்கும் தம்பதியின் வீடு ரங்காரெட்டி மாவட்டத்தில் இருக்கலாம். தவறான இடத்தில் போட்ட மனு திரும்பி வர மாதங்கள் ஆகும், அதற்குள் ஒரு தவணை ஃபீஸும் போய்விடும்.

வக்கீலைக் கண்டுபிடிப்பது விளம்பரம் பார்த்து நடக்கிற காரியமல்ல. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதையும் வலியப் போய் வழக்குப் பிடிப்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. ஆகவே உறவினர், அலுவலக நண்பர், குடியிருப்பில் ஏற்கெனவே இந்த வழியில் போய் வந்தவர் என்று வாய்வழியாகவே பெயர் கிடைக்கிறது. நல்ல வக்கீல் முதல் சந்திப்பில் கணக்குப் பேசுவதற்கு முன் கதை கேட்பார். திருமண அழைப்பிதழ், திருமணப் புகைப்படம், பதிவுச் சான்று, ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வருமானத்துக்கான காகிதங்கள் என்று ஒரு பட்டியல் கொடுப்பார். வருமானத்தை மறைக்க வழியில்லை. ஜீவனாம்சம் கேட்கும் வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் வழக்கில் கட்டளையிட்டிருக்கிறது.

பிறகு வக்காலத்து. அது பெரிய ஆவணமல்ல. அச்சிட்ட ஒரு தாள். மேலே நீதிமன்றத்தின் பெயர், அடுத்து மனுதாரர், எதிர்மனுதாரர். நடுவில், என் சார்பில் ஆஜராகவும், மனு போடவும், சமரசம் பேசவும், பணம் பெற்றுக்கொள்ளவும் இவருக்கு அதிகாரம் கொடுக்கிறேன் என்று நெருக்கமாக அச்சடித்த வரிகள். கீழே கட்சிக்காரரின் கையெழுத்து, வழக்கறிஞர் ஏற்றுக்கொண்டதற்கு அவர் கையெழுத்து, ஓரத்தில் வழக்கறிஞர் நலநிதி முத்திரை. பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. கண் கலங்கி உட்கார்ந்திருக்கும்போது குமாஸ்தா விரல் வைத்துக் காட்டும் இடங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். நிக்காஹ் அறையில் அந்தச் சம்மதத்தை மெதுவாக, சாட்சி வைத்து, வாயால் கேட்டார்கள். இங்கேயும் அதே பொறுமை வேண்டும். சமரசம் பேசும் அதிகாரமும் பணம் வாங்கும் அதிகாரமும் கைமாறும் தாள் இது. படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்பது கட்சிக்காரரின் கடமை, படித்துச் சொல்வது வக்கீலின் கடமை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை தந்தைக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்து, தந்தை வக்கீலுக்கு வக்காலத்துக் கொடுக்கும் வழக்குகளில், சொன்ன வாய்க்கும் பேசுகிற வாய்க்கும் நடுவில் இன்னும் ஒரு கை கூடிவிடுகிறது.

இருவரும் ஒப்புக்கொண்டால் வழி சுருக்கம். இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவின்படி, ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், சேர்ந்து வாழ முடியவில்லை என்று இருவரும் சொல்ல வேண்டும், பிரிவதென்று இருவரும் தீர்மானித்திருக்க வேண்டும். முதல் மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி வந்து அதையே சொல்ல வேண்டும். தீர்ப்பு வரும்வரை சம்மதம் நிலைத்திருக்க வேண்டும், இடையில் ஒருவர் மனம் மாறினால் அந்த மனு நிற்காது. அந்த ஆறு மாதம் சட்டம் வைத்த பந்தக் காவலர் என்றே சொல்லலாம். ஆனால் எல்லா வகையிலும் முறிந்துபோன உறவில் அந்தக் காத்திருப்பு வேதனையை நீட்டுவது மட்டுமே என்றால் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆதர்ஷ் குமார் கோயல், யு.யு. லலித் அமர்வு தீர்ப்பளித்தது.

ஒருவர் எதிர்த்தால் வழி நீளும். மனு எண்ணிடப்பட்டு, சம்மன் போய், எதிர்த்தரப்பு ஆஜராகி, ஆலோசகரிடம் இருவரும் அனுப்பப்பட்டு, எதிருரை வந்து, இடைக்கால ஜீவனாம்ச மனு, பிள்ளையைப் பார்க்கும் உரிமைக்கு மனு, பிறகு பிரமாணப் பத்திரமாக முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, வாதம், தீர்ப்பு. ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் வாய்தாக்கள். தனியாக வரதட்சணைக் கொடுமைப் புகார், குடும்ப வன்முறை மனு, ஜீவனாம்ச வழக்கு என்று பக்கத்தில் கிளைகள் முளைத்தால் ஒரு விவாகரத்து நான்கு வழக்குகளாகிவிடும், ஃபீஸும் நான்காகும். உண்மையான கொடுமைக்கு ஆளானவருக்கு அந்தச் சட்டங்கள் உயிர்காக்கும் கருவிகள். பேரத்துக்காக அவற்றைக் கையில் எடுக்கச் சொல்லும் வக்கீல் தன் கட்சிக்காரருக்கே தீங்கு செய்கிறார்.

சேர்ந்து வாழ ஆணையிடும்படி இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் போடும் மனுவும் இப்படிப் பேரக் கருவியாவது உண்டு. இதற்கு ஹைதராபாத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. தமிழ்த் திரையில் புகழ்பெற்ற நடிகை சரிதாவின் வழக்கில், 1983இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்ற நீதிபதி பி.ஏ. சௌத்ரி, மனமில்லாதவரை உடலால் சேரச் சொல்லும் அந்தப் பிரிவு தனிமனித அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுவது என்று கூறி அதைச் செல்லாததாக்கினார். அந்தப் பரிகாரம் இந்து தர்மத்திலிருந்து வந்ததல்ல, இங்கிலாந்தின் தேவாலய நீதிமன்றங்களிலிருந்து இறக்குமதியானது என்பதையும் எடுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அவர் கருத்தை ஏற்க மறுத்துப் பிரிவை நிலைநிறுத்தியது. ஆனாலும் முசி ஆற்றங்கரை உயர் நீதிமன்றக் கட்டடத்திலிருந்து வந்த அந்தத் தீர்ப்பு, பந்தத்தைக் காப்பது என்ற பெயரில் மனிதரை எவ்வளவு தூரம் கட்டாயப்படுத்தலாம் என்ற கேள்வியை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறது.

நீளும் வழக்கு மனிதரை என்ன செய்யும் என்பதற்கும் இதே நகரத்து வழக்கு ஒன்று சாட்சி. 1999 ஏப்ரலில் மணம் முடித்த ஒரு தம்பதி, இரண்டொரு நாளிலேயே பெரியவர்களுக்குள் எழுந்த தகராறில் பிரிந்தது. கணவனுக்குச் செகந்திராபாத் குடும்ப நீதிமன்றம் 2002இல் விவாகரத்து கொடுத்தது. 2006இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி விவாகரத்து கொடுத்து, மனைவிக்கு 15 லட்ச ரூபாய் நிரந்தர ஜீவனாம்சம் தரச் சொன்னது. சேர்ந்து வாழ்ந்தது ஓரிரு நாள், வழக்கில் போனது இருவரின் இளமை முழுவதும். திருமணத் தகராறுகளைத் தொடக்கத்திலேயே சமரச மையங்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற வழிகாட்டுதல் அந்தத் தீர்ப்பில்தான் வந்தது. குர்ஆன் சொன்ன இரண்டு நடுவர்களும், தெலங்கானாக் கிராமங்களில் பெத்தமனுஷுலு எனப்படும் ஊர்ப் பெரியவர்களும் செய்துவந்த வேலையை அரசே ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்று இதைச் சொல்லலாம். அப்படி ஒரு வேலையை முதல் வாரத்திலேயே யாராவது செய்திருந்தால் அந்த இருவரும் சேர்ந்திருக்கக்கூடும், இல்லாவிட்டால் வேறு வேறு குடும்பங்களில் நன்றாக இருந்திருக்கக்கூடும்.

இங்கேதான் கூலிக் கணக்கு வருகிறது. விவாகரத்து மனுவுக்கான நீதிமன்றக் கட்டணம் மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு. செலவின் பெரும்பகுதி வக்கீல் ஃபீஸ். அதற்கு அரசு நிர்ணயித்த விலைப்பட்டியல் கிடையாது. வக்கீலின் அனுபவம், வழக்கின் சிக்கல், கட்சிக்காரரின் வசதி, எந்த நீதிமன்றம் என்பதைப் பொறுத்து மாறும். பொதுவாகப் பரஸ்பர சம்மத வழக்கு சில பத்தாயிரங்களில் முடியும், எதிர்த்து நடக்கும் வழக்கு லட்சத்தைத் தாண்டிப் போகக்கூடியது. டைப்பிங், நகல், முத்திரை, குமாஸ்தா செலவு என்று சில்லறையாகவும் போகும். தனிநபருக்குச் செய்யும் வழக்கறிஞர் சேவைக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

ஃபீஸ் பேசுவதில் மூன்று வழக்கங்கள் இருக்கின்றன. முழு வழக்குக்கும் இவ்வளவு என்று பேசி, வக்காலத்தின்போது ஒரு பங்கு, மனு எண்ணானதும் ஒரு பங்கு, விசாரணை தொடங்கும்போது ஒரு பங்கு, தீர்ப்பில் மீதி என்று வாங்குவது முதல் வகை. வாய்தாவுக்கு இவ்வளவு என்பது இரண்டாவது. கிடைக்கும் ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் என்பது மூன்றாவது. தொகையில் மூன்றும் சமமாக வந்தாலும் அறத்தில் சமமல்ல. வாய்தாக் கணக்கில் வழக்கு நீண்டால் வக்கீலுக்கு வரவு, கட்சிக்காரருக்குச் செலவு. ஒரே படகில் இருக்க வேண்டிய இருவரின் நலன்கள் அந்தக் கணக்கில் எதிரெதிர்க் கரைக்குப் போய்விடுகின்றன. இப்படி வாங்குபவர்களிலும் நேர்மையாளர்கள் ஏராளம், ஆனால் ஒவ்வொரு வாய்தாவிலும் தன் நேர்மையைச் சோதித்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலைக்கு அந்த ஏற்பாடு அவர்களைத் தள்ளுகிறது. முழு வழக்குக்கும் முன்கூட்டியே பேசிய தொகையில் அந்தச் சோதனை இல்லை. சீக்கிரம் சமரசம் ஆனால் வக்கீலுக்கு இழப்பில்லை, பிரிவு சுமுகமாக முடிந்தாலும் இழப்பில்லை. கூலி இவ்வளவு என்பது வேலை தொடங்கும் முன்பே இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்ற இஸ்லாமியச் சட்டவியலின் விதியும் இதையே வேண்டுகிறது.

மூன்றாவது வகையைச் சட்டமே தடுக்கிறது. வழக்கின் முடிவைப் பொறுத்த ஃபீஸும், கிடைக்கும் பணத்தில் பங்கும் பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. 2017 டிசம்பரில் இந்த விதி சோதனைக்கு வந்தது தெலங்கானாவிலிருந்து போன ஒரு வழக்கில்தான். விபத்தில் கணவனை இழந்த ஒரு பெண், நஷ்ட ஈட்டு வழக்கு நடத்திய வழக்கறிஞருக்கு 10 லட்ச ரூபாய் கொடுத்திருந்தார். மேலும் 3 லட்சத்துக்கு ஒரு காசோலை அவரிடமிருந்து வாங்கப்பட்டது. அது பணமில்லாமல் திரும்பியதும் அவர் மீதே குற்ற வழக்குப் பாய்ந்தது. நஷ்ட ஈட்டில் சதவீதம் கேட்பது பொது நலனுக்கு விரோதம், தொழில் ஒழுக்கக்கேடு என்று கூறி உச்ச நீதிமன்றம் அந்தக் குற்ற வழக்கை ரத்து செய்தது. ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்திய அதே கோயல், லலித் அமர்வுதான் இதையும் சொன்னது. துயரத்தில் இருப்பவரிடம் காலத்தை வீணாக்காதே என்று செப்டம்பரிலும், துயரத்தில் பங்கு கேட்காதே என்று டிசம்பரிலும் ஒரே இருவர் சொன்னதாக இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்தே படிக்கலாம்.

பழைய நூல்கள் எல்லாம் இதை ஒப்புக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. காலம் பற்றிக் கருத்து வேறுபாடுள்ள சுக்ரநீதி, பிறருக்காக வழக்காடுபவனுக்கு வழக்குத் தொகையில் பதினாறில் ஒரு பங்கு தொடங்கி, குறைந்துகொண்டே போகும் விகிதங்களைச் சொல்கிறது. அதற்கு மேல் வாங்கினால் அரசன் தண்டிக்க வேண்டும் என்கிறது. அதே நூல் கொலை, பிறன்மனை போன்ற கொடிய குற்றங்களில் பிரதிநிதியை அனுமதிப்பதில்லை, சம்பந்தப்பட்டவரே வந்து பதில் சொல்ல வேண்டும். நிலத்துக்கும் கடனுக்கும் பங்கு பேசலாம், மானத்துக்கும் உயிருக்கும் பேச முடியாது என்ற பாகுபாடு அதில் இருக்கிறது. ஜீவனாம்சம் எந்தப் பக்கம் சேரும்? கைவிடப்பட்ட ஒருவரின் சோற்றுக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் என்று நீதிமன்றம் அளந்து கொடுப்பது அது. அதில் பத்தில் ஒன்றை எடுத்தால் எடுப்பது சோற்றிலிருந்துதான்.

வசதியில்லாதவருக்கு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைய அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் போதும். இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இன்னொரு வாசல். போதிய வருமானம் இல்லாத தரப்பு, அது கணவனாக இருந்தாலும் மனைவியாக இருந்தாலும், தன் வழக்குச் செலவையும் எதிர்த்தரப்பே தரவேண்டும் என்று கேட்கலாம். தனக்கு எதிராகப் பேசும் வாய்க்குத் தானே கூலி கொடுப்பது முதலில் விபரீதமாகத் தோன்றும். ஒரு காலத்தில் ஒரே அடுப்பில் உண்டவர்கள் என்பதைச் சட்டம் மறக்கவில்லை என்பதே அதன் பொருள்.

முஸ்லிம் பெண்ணுக்கு இந்த நகரத்தில் அண்மையில் ஒரு தெளிவு கிடைத்திருக்கிறது. 2025 ஜூனில் தெலங்கானா உயர் நீதிமன்றம், குலா என்ற முறையில் மனைவியே கேட்டுப் பிரிவது அவளுடைய முழு உரிமை, கணவன் ஒப்புக்கொண்டால்தான் ஆகும் என்பதில்லை என்று தீர்ப்பளித்தது. முஃப்தியோ மார்க்க அமைப்போ தரும் சான்று ஆலோசனையாகவே நிற்கும், பிரிவுக்கு நீதிமன்ற முத்திரை வேண்டுமானால் குடும்ப நீதிமன்றம் சுருக்கமாக விசாரித்து அறிவிக்க வேண்டும். மஹரைத் திருப்பித் தருவது பற்றிப் பேசலாம், விடுதலையை மறுக்க முடியாது. வாசலில் வருடக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்ட பெண்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

வக்கீலின் கடமை எதில் முடிகிறது என்பதற்கு இந்தியாவில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது காந்தியின் தென்னாப்பிரிக்க அனுபவம். தாதா அப்துல்லாவுக்கும் அவர் உறவினர் தையப் சேட்டுக்கும் நடந்த வழக்கில் வாதியின் பக்கம் இருந்தும், இரு தரப்பையும் நடுவர் தீர்ப்புக்குச் சம்மதிக்க வைத்து, தோற்றவர் திவாலாகாதபடி பணத்தை நீண்ட தவணைகளில் கட்ட ஏற்பாடு செய்தார். பிரிந்து நிற்பவர்களை ஒன்று சேர்ப்பதே வழக்கறிஞனின் உண்மையான வேலை என்று அங்கே கற்றதாகவும், பின்னர் அப்படி நடந்துகொண்டதால் பணத்திலும் தனக்கு இழப்பில்லை என்றும் எழுதினார். அதை அப்படியே திருமண வழக்குக்குப் பொருத்த முடியாது. அடியும் உதையும் நடக்கும் வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்வது சமரசம் ஆகாது, உயிருக்கு உலை வைப்பது. அங்கே பந்தத்துக்கு யாரும் வக்கீலாக இருக்கத் தேவையில்லை. ஆனால் சேர முடியாதவர்களைக்கூடப் பகையில்லாமல் பிரித்து வைக்க முடியும். பிள்ளையின் பிறந்தநாளுக்கு இருவரும் ஒரே அறையில் நிற்கும்படி ஒரு பிரிவை எழுதிக் கொடுப்பதும் ஒன்று சேர்க்கும் வேலைதான். அந்த வேலைக்கு எவ்வளவு ஃபீஸ் கொடுத்தாலும் தகும்.

வக்கீல் தவறு செய்தால் நுகர்வோர் ஆணையம் போக முடியாது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், கட்சிக்காரரின் கட்டுப்பாட்டில் அவருக்காகச் செய்யும் தனிப்பட்ட பணி அது என்று கூறி நுகர்வோர் சட்டத்திலிருந்து வழக்கறிஞர் சேவையை விலக்கிவிட்டது. புகாரை 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி மாநில பார் கவுன்சிலிடம் கொடுக்க வேண்டும். வக்கீலை மாற்றவும் உரிமை உண்டு. பழைய வக்கீலிடம் ஆட்சேபணையில்லை என்று எழுதி வாங்கிப் புதியவருக்கு வக்காலத்துக் கொடுப்பது வழக்கம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் காகிதங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வக்கீலுக்குக் கிடையாது என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. பாக்கியைத் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்கலாம், காகிதம் கட்சிக்காரருடையது.

தீர்ப்பு வந்த பிறகு சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். பரஸ்பர சம்மதத்தில் கிடைத்த தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. எதிர்த்து நடந்த வழக்கில் மேல்முறையீட்டுக் கெடு முடியும்வரை மறுமணம் செய்துகொள்ளக் கூடாது. ஜீவனாம்சத் தவணைகள் எந்தக் கணக்கில், எந்தத் தேதியில் என்பதைத் தீர்ப்போடு ஒத்துப் பார்க்க வேண்டும். கடைசியாக வக்கீலிடம் கொடுத்த அசல் காகிதங்களை எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்: திருமணப் பதிவுச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, நகை ரசீதுகள், நீதிமன்றக் கோப்பில் சேராமல் மிஞ்சிய திருமணப் புகைப்படங்கள். அவற்றை உறையில் போட்டு, பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், இந்த வழக்குக்காகக் கொடுத்த வக்காலத்தின் வேலை முடிகிறது.